முதல் கேமிங் கணினி: கொழும்புக் கடை தந்த பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

உப்புவெளி இளையவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு இங்கே திருகோணமலையில் உள்ள ஒரு விடுதியில் இரண்டு சீசன் வேலை செய்து சேர்த்த பணத்தில், எனது முதலாவது கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்த விரும்புகிறேன். இதுவரை அண்ணாவின் பழைய மடிக்கணினியில் விளையாடி வந்தேன். அது இப்போது அரை மணி நேரத்திலேயே சூடேறி அணைந்துவிடுகிறது.

கையில் மூன்றரை இலட்சம் ரூபாய் இருக்கிறது. இதில் மொனிட்டர் அடங்காது. 24 அங்குலத்தில், 1920×1080 தெளிவும் 165 ஹேர்ட்ஸ் வேகமும் கொண்ட ஒன்றைச் சென்ற மாதம் விலைக்கழிவில் வாங்கிவிட்டேன். கீபோர்டும் மவுஸும் இருக்கின்றன.

கொழும்பில் உள்ள ஒரு கடையில் தொலைபேசியில் விசாரித்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார்கள். அதில் இன்டெல் கோர் ஐ7-12700எஃப் புரொசசர், எச்610 மதர்போர்ட், 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் ஒன்று, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. கிராபிக்ஸ் கார்ட் ஆகியவை இருக்கின்றன. இவற்றோடு முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாகவும் நான்கு வண்ண விளக்கு விசிறிகளுடனும் ஒரு கேசிங் தருகிறார்கள். அதற்குள்ளேயே '700 வாட்' பவர் சப்ளையும் வருகிறதாம். மொத்த விலை எனது கையிருப்புக்குள் சரியாக அடங்குகிறது.

ஐ7 இருப்பதால் இது நல்ல பட்டியல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் இணையத்தில் பார்த்த பரிசோதனைக் காணொளிகளில் அந்தக் கிராபிக்ஸ் கார்ட் புதிய விளையாட்டுகளில் திணறுவதைக் கண்டதால் தயக்கமாக இருக்கிறது. நண்பர்களுடன் வலொரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடுவேன். தனியாக இருக்கும்போது சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை விளையாட்டுகளை நல்ல தரத்தில் ஆட ஆசை.

எனது அறை மேல்மாடியில் சீற் கூரைக்குக் கீழே இருக்கிறது. குளிரூட்டி இல்லை. கடற்கரைக்கு நடந்தே போகலாம். இவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டுமா, அல்லது நான் தேவையில்லாமல் யோசிக்கிறேனா என்று தெரியவில்லை. இந்தப் பட்டியலில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்பதை அனுபவமுள்ள அண்ணாமாரும் அக்காமாரும் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

சீனன்குடா வாசகர் எழுதியது:

தம்பி, மொனிட்டரை முதலில் வாங்கியது நல்லதாகப் போயிற்று. கேமிங் கணினிக்கான கணக்கைத் திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1920×1080 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும், 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகளைக் கிராபிக்ஸ் கார்ட் வரைந்து தர வேண்டும். அதுவே 2560×1440 திரையாக இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை 36 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், கார்டுக்கான செலவும் அதற்கேற்ப ஏறியிருக்கும். உங்கள் திரையின் 165 ஹேர்ட்ஸை, அதாவது செக்கனுக்கு 165 ஃப்ரேம் காட்டும் வேகத்தை, முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால், ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 6 மில்லிசெக்கனில் முடிய வேண்டும். வலொரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் அந்த வேகத்தைப் பெரும்பாலும் புரொசசரும் ரேமும் தீர்மானிக்கின்றன. கதை விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டே தீர்மானிக்கிறது. இரண்டு வகையையும் நீங்கள் ஆட விரும்புவதால், ஒன்றில் பணத்தைக் கொட்டி மற்றதைப் பட்டினி போடக் கூடாது. கடை தந்த பட்டியல் அதைத்தான் செய்திருக்கிறது.

ஐ7-12700எஃப் நல்ல புரொசசர்தான். 2022 ஜனவரியில் வந்தது, எட்டுப் பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களும் உடையது. ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது அது 180 வாட் வரை மின்சாரம் கேட்கும். மலிவான எச்610 மதர்போர்டுகள் பலவற்றில், புரொசசருக்கு மின்சாரத்தைச் சீர்செய்து கொடுக்கும் பகுதி மெலிதாக இருக்கும், அதன்மேல் வெப்பத்தகடும் இராது. அப்படிப்பட்ட போர்டில் சில நிமிடங்களிலேயே அந்தப் பகுதி கொதித்து, புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ7 இற்குப் பணம் கொடுத்துவிட்டு ஐ5 இன் வேகத்தில் விளையாட வேண்டியிருக்கும்.

அடுத்தது ரேம். ஒரே ஒரு 8 ஜி.பி. என்பது இரண்டு வகையில் தவறு. விண்டோஸும் ஒரு புதிய விளையாட்டும் சேர்ந்தால் 8 ஜி.பி. போதாது என்பது ஒன்று. தனித் துண்டாக இருப்பதால் புரொசசருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடுகிறது என்பது மற்றொன்று. டி.டி.ஆர்.4-3200 ஒரு துண்டு செக்கனுக்கு 25.6 ஜி.பி. கடத்தும், இரண்டு துண்டுகள் இணைந்தால் 51.2 ஜி.பி. கடத்தும். வலொரன்ட்டில் இந்த வேறுபாட்டை, எந்த மென்பொருளும் வைத்து அளக்காமல், கையாலேயே உணரலாம்.

ஆர்.டி.எக்ஸ். 3050 பற்றி உங்களுக்கு எழுந்த தயக்கம் சரியானது. அந்தப் பெயரில் இரண்டு வேறு கார்டுகள் உள்ளன. 2022 இல் வந்த 8 ஜி.பி. கார்டின் நினைவகப் பாதை 128 பிட். 2024 இல் வந்த 6 ஜி.பி. கார்டில் அந்தப் பாதை 96 பிட், உள்ளே உள்ள கணிப்பு அலகுகளும் குறைவு. 70 வாட்டில் ஓடும் அந்தக் கார்ட் பழைய அலுவலகக் கணினி ஒன்றைச் சற்று மேம்படுத்துவதற்குப் பொருத்தமாக இருக்கலாம். மூன்றரை இலட்சம் ரூபாய்க் கணினியில் அதற்கு இடமில்லை.

நான் செய்வதாக இருந்தால் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை மற்றவற்றுக்குப் பிரிப்பேன். இன்று அந்த எல்லைக்குள் பார்க்கத் தக்கவை ஆர்.டி.எக்ஸ். 5060 உம் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யும். இரண்டும் 2025 இல் வந்தவை. 5060 இல் 8 ஜி.பி. நினைவகம் மட்டுமே உண்டு. 9060 எக்ஸ்.டி. 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரண்டு அளவுகளில் வருகிறது. அமெரிக்காவில் அறிமுகமானபோது 5060 இன் விலை 299 டொலர், 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி.யின் விலை 349 டொலர். இங்கே வந்து சேரும்போது வரிகளும் இறக்குமதியாளரின் பங்கும் ஏறிவிடும், ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஓரளவு அப்படியே இருக்கும். எட்டுமானால் 16 ஜி.பி. கார்டையே வாங்குங்கள். இன்றைய பெரிய விளையாட்டுகள் சில 1080 திரையிலேயே உயர்தரக் காட்சிகளுக்கு 8 ஜி.பி.யை நிரப்பிவிடுகின்றன. நிரம்பியதும் படம் நின்று நின்று வரும், அல்லது சுவர்களும் முகங்களும் மங்கலாகத் தெரியும். ஒளிப்பின்தொடர்ச்சி எனப்படும் ரே டிரேசிங்கும், குறைந்த தெளிவில் வரைந்ததைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டி.எல்.எஸ்.எஸ். வசதியும் உங்களுக்கு முக்கியமென்றால் 5060 ஐ எடுக்கலாம், அப்போது காட்சித் தரத்தில் ஒரு படி இறங்கி ஆடப் பழகிக்கொள்ள வேண்டும்.

புரொசசராக ரைசன் 5 5600 போதும் என்பது என் எண்ணம். ஆறு கோர், 65 வாட், பெட்டிக்குள்ளேயே விசிறியும் வரும். பெயரைக் கடைசி இலக்கம் வரை பார்த்து வாங்குங்கள். 5500 என்பதும் 5600ஜி என்பதும் பக்கத்திலேயே வைத்து விற்கப்படும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். அவை இரண்டிலும், புரொசசருக்குள் இருக்கும் எல்3 கேச் என்ற விரைவு நினைவகம் 5600 இல் உள்ள 32 எம்.பி.யின் பாதிதான். கார்டுக்குச் செல்லும் பாதையும் பழைய, வேகம் குறைந்த பி.சி.ஐ.ஈ. 3.0 தான். 5060 அந்தப் பாதையில் எட்டு வழிகளை மட்டுமே பயன்படுத்தும் கார்ட் என்பதால் அங்கே இடிபடும். இதே காரணத்துக்காக மதர்போர்ட்டும் பி550 ஆக இருக்கட்டும்; பி450 வேண்டாம். ரேம் நான்கு துண்டு போடும் இடமுள்ள, மின்பகுதிமேல் வெப்பத்தகடு உள்ள எளிய போர்ட் ஒன்று போதும்.

எஸ்.எஸ்.டி.யில், மதர்போர்ட்டிலேயே நேராகச் செருகும் என்.வி.எம்.ஈ. வகையில் 1 டி.பி. எடுங்கள். 512 ஜி.பி. மூன்று பெரிய விளையாட்டுகளோடு நிரம்பிவிடும். 7000 எம்.பி. வேகம் என்று அட்டையில் எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பவர் சப்ளை பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் எழுதும்வரை ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை ஏற்க வேண்டாம்.

கிண்ணியாத் திருத்துநர் எழுதியது:

சீனன்குடா அண்ணன் சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன். நான் கிண்ணியாவில் கணினி திருத்தும் வேலை செய்பவன். தம்பி தேவையில்லாமல் யோசிக்கவில்லை. நமது கடற்கரைப் பக்கத்தில் அந்த யோசனையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது சொந்தக் கணினியிலும் கேசிங்கோடு வந்த பவர் சப்ளைதான் இருந்தது. ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் இடி முழங்கத் தொடங்கியபோது, ஒரு வாடிக்கையாளரின் தரவுகளை நகலெடுத்துக்கொண்டிருந்ததால் அணைக்காமல் விட்டேன். ஒரு மின்னல், ஒரு சிறிய வெடிச் சத்தம், அறையெங்கும் கருகிய மணம். பவர் சப்ளை தான் எரிந்ததோடு நிற்காமல் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோயிற்று. மறுநாள் அதைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் வடிகட்டிச் சுருள் பொருத்துவதற்கான துளைகளும் அடையாளமும் பலகையில் அச்சிடப்பட்டிருந்தன, ஆனால் சுருள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வெறுங் கம்பித் துண்டுகளை வைத்து ஈயம் பற்றவைத்திருந்தார்கள். திடீர் உயரழுத்தத்தை உறிஞ்ச வேண்டிய, தட்டையான மாத்திரை போன்ற பாகத்துக்கும் பெயர் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளருக்கும் அப்படிப்பட்ட பெட்டியை நான் பொருத்திக் கொடுத்ததில்லை.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாசிக்கப் பழகுங்கள். பெரிய எழுத்தில் 700 வாட் என்று இருக்கும். அதற்குக் கீழே உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 24 ஆம்பியர் என்றிருந்தது. பன்னிரண்டை இருபத்துநான்கால் பெருக்கினால் 288 வாட். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான் என்பதால், அதன் உண்மையான பலம் அவ்வளவே. அண்ணன் சொன்ன 5600 அதிகபட்சம் 76 வாட் அளவில் எடுக்கும். 5060 இற்கு 145 வாட், 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி.க்கு 160 வாட். விசிறிகள், எஸ்.எஸ்.டி., போர்ட் எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே நேர்மையான 550 வாட் போதும், பிற்காலத்தில் பெரிய கார்ட் போடும் எண்ணம் இருந்தால் 650. '80 பிளஸ் புரோன்ஸ்' முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால் அந்தக் குறித்த மாதிரியைத் திறந்து சோதித்த விமர்சனம் இணையத்தில் உண்டா என்று பாருங்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் மாதிரியானால் இன்னும் நல்லது.

அடுத்தது வீட்டு மின்சாரம். மூன்று துளை பிளக் பேஸ் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளின் மேல்மாடிகளில் எர்த் வயர் இழுக்காமலே பிளக் பேஸ் பூட்டியிருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். எர்த் இல்லாவிட்டால் கேசிங்கின் உலோகத்தில் விரலைத் தேய்க்கும்போது மெல்லிய அதிர்வு தெரியும். கணினி வாங்குவதற்கு முன்பே ஒரு மின் வேலையாளைக் கூப்பிட்டு அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாரி தொடங்கும் காலத்தில் இடி கேட்டால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அந்த வழியால் வந்து எரிந்த போர்டுகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

யூ.பி.எஸ். வாங்குவதாக இருந்தால் வி.ஏ. கணக்கை வாட் என்று எண்ணி ஏமாறக் கூடாது. 650 வி.ஏ. என்று எழுதிய பலவும் 360 வாட் அளவையே தாங்கும். விளையாடும்போது கணினியும் மொனிட்டரும் சேர்ந்து அந்த எல்லைக்கு அருகே வந்துவிடும். அதனால் 1000 வி.ஏ. அளவில் எடுங்கள். மின்சாரம் போன பிறகு தொடர்ந்து விளையாடுவதற்கு அது உதவாது, ஒழுங்காக நிறுத்துவதற்கு நேரம் தரும்.

கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் கிராபிக்ஸ் கார்டின் இரும்புத் தகட்டில் முதலில் செம்புள்ளிகள் தோன்றும், பிறகு ரேமின் தொடுமுனைகள் மங்கும். கடல் பார்த்த யன்னலுக்கு நேரே கணினியை வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். பல வாரம் இயக்காமல் விடுவதைவிட நாளும் சிறிது நேரம் இயக்குவது நல்லது. உள்ளே ஏற்படும் மெல்லிய சூடு ஈரத்தை விரட்டும்.

ஓர்ஸ்ஹில் வாசகி எழுதியது:

நானும் சென்ற ஆண்டு எனது முதலாவது கணினியைப் பொருத்தினேன். ஒரு விடயத்தில் சீனன்குடா அண்ணாவுடன் உடன்பட மாட்டேன். ரைசன் 5600 பொருந்தும் ஏ.எம்.4 தளத்தில், அதாவது புரொசசரைச் செருகும் அந்தச் சொக்கெட் வகையில், முதலாவது ரைசன் 2017 இல் வந்தது. அது நெடுங்காலம் உழைத்த தளம், ஆனால் அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது. 2022 இல் வந்த ஏ.எம்.5 தளத்துக்குக் குறைந்தது 2027 வரை புதிய புரொசசர்கள் வரும் என்று ரைசனைச் செய்யும் ஏ.எம்.டி. நிறுவனமே அறிவித்திருக்கிறது. இன்று ரைசன் 5 7500எஃப் ஐ ஏ.எம்.5 போர்டில் பொருத்தினால், நான்கு ஆண்டுக்குப் பிறகு போர்டையும் ரேமையும் மாற்றாமல் புரொசசரை மட்டும் மாற்றலாம். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும்போது அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது பெறுமதியானது என்று நினைத்தே நான் அதை எடுத்தேன். ஏ.எம்.5 இற்கு டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செயற்கை நுண்ணறிவுச் சேவைகளுக்கான நினைவகத்தைச் செய்வதில் தொழிற்சாலைகள் முனைந்ததால் 2025 இன் கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. நான் வாங்கியது அதற்கு முன்பு.

கேசிங் விடயத்தில் மட்டும் தயவுசெய்து அழகைப் பார்க்காதீர்கள் தம்பி. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சீற் கூரை அறை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அறையின் வெப்பம் பத்துப் பாகை ஏறினால் உள்ளே உள்ள பாகங்களின் வெப்பமும் ஏறத்தாழ அந்தளவு ஏறும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேசிங்கில் எத்தனை விசிறி இருந்தாலும் அவை காற்றை இழுப்பதற்கு வழியில்லை. முன்பக்கம் கம்பி வலையாக, கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டியுடன் உள்ளதை எடுங்கள். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் போதும்.

கொழும்பில் வாங்குவதானால் நேரில் போவதே நல்லது. இரவு புகையிரதத்தில் போய், காலையில் கோட்டையில் இறங்கி, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கடைகளில் நான்கைந்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். சொன்ன விலையில் 18 சதவீத வற் வரி அடங்கியிருக்கிறதா, காசுக்கும் வங்கி அட்டைக்கும் ஒரே விலையா என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேளுங்கள். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தையும் அங்கேயே நின்று வாசியுங்கள். துரு, எரிந்த அடையாளம், மின்னல் பாதிப்பு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று பல கடைகள் அச்சிட்டிருக்கின்றன. கிண்ணியா அண்ணா உப்பைப் பற்றிச் சொன்னது அதனால் நம் ஊருக்கு இரட்டிப்பு முக்கியம். உத்தரவாதம் கடையினுடையதா, இறக்குமதியாளருடையதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு கார்ட் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு 250 கிலோமீற்றருக்கு மேல் திரும்பவும் பயணம் செய்யப் போவது நீங்கள்தான்.

உப்புவெளி இளையவன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கடைப் பட்டியலை முழுவதுமாகக் கைவிட்டுவிட்டேன். நேற்று மின் வேலையாள் ஒருவரை அழைத்துப் பார்த்தபோது, கிண்ணியா அண்ணா ஐயப்பட்டது போலவே எனது அறையின் பிளக் பேஸுக்கு எர்த் வயர் இல்லை என்று தெரிந்தது. அடுத்த வாரம் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா சொன்ன ஏ.எம்.5 யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ரேம் விலையை விசாரித்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவின் மகன் தன் அலுவலகத்தில் மாற்றிய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய இரண்டு 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம்களை எனக்குத் தருவதாகச் சொன்னார். இதனால் மிஞ்சும் பணத்தில் 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. எட்டிவிடுகிறது. ஆகவே 5600, பி550, அந்தக் கார்ட், 650 வாட் பவர் சப்ளை, வலை முகப்புக் கேசிங் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். ரேம்களின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஒன்றில் பி.சி.4-3200ஏஏ என்றும் மற்றதில் பி.சி.4-2666வி என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடலாமா? பொருத்தும்போது முதல் தடவை செய்பவர்கள் விடும் தவறுகள் என்னென்ன?

சீனன்குடா வாசகர் எழுதியது:

ரேம் கையில் இருக்கிறது என்றால் உங்கள் முடிவு சரியானதுதான் தம்பி. ஓர்ஸ்ஹில் தங்கச்சியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ரேமையும் புதிதாக வாங்க வேண்டிய நிலையில் நீங்கள் இருந்திருந்தால் நானும் இரண்டு தடவை யோசித்திருப்பேன்.

இரண்டையும் சேர்த்துப் போடலாம். அவை மெதுவானதன் வேகத்துக்கு, அதாவது 2666 இற்கு, இறங்கி ஓடும். ரைசனில் ரேமின் வேகத்தோடு புரொசசரின் உட்பாதையும் சேர்ந்து ஓடுவதால் வலொரன்ட்டில் சில ஃப்ரேம்கள் குறையும். அப்படியிருந்தும் தனியாக 3200 ஒன்றைப் போடுவதைவிட இது நல்லது. பிறகு பணம் சேரும்போது 3200ஏஏ என்று எழுதிய இன்னொரு 8 ஜி.பி.யை வாங்கி 2666 ஐ எடுத்துவிடுங்கள். அந்த வகை, பயொஸ் எனப்படும் போர்டின் அடிப்படை அமைப்பில் எதையும் தொடாமலே 3200 இல் ஓடும். பழைய ரேம் என்பதால் விண்டோஸ் போடுவதற்கு முன், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டு வேண்டாம். தொடுமுனை மங்கியிருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைக்கலாம்.

பொருத்தும்போது ரேம்களைப் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். அருகருகே போட்டால் இரட்டைப் பாதை கிடைக்காது. 5600 ஐ வைக்கும்போது அதன் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தையும் சொக்கெட்டில் உள்ள முக்கோணத்தையும் ஒன்றாக்கி, நெம்புகோலைத் தூக்கிய நிலையில் கையை விட்டால் அது தானாக உட்காரும். அழுத்தவே கூடாது. அதன் ஊசிகள் தலைமயிர் போன்றவை, ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் போய்விடும். எல்லாவற்றையும் கேசிங்கில் பூட்டுவதற்கு முன், மதர்போர்ட் வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, புரொசசர், விசிறி, ரேம், கார்ட், பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் இணைத்து ஒரு தடவை இயக்கிப் பாருங்கள்.

மொனிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். 5600 இற்குத் தனியாகக் காட்சி வசதி இல்லாததால் மதர்போர்ட்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், பலர் அதைப் பார்த்துக் கணினி பழுது என்று பயந்துவிடுகிறார்கள். விண்டோஸ் வந்ததும் காட்சி அமைப்பில் 60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். அதை நீங்களே 165 ஆக மாற்ற வேண்டும், அதற்கு டிஸ்ப்ளே போர்ட் வயர் சிறந்தது. விண்டோஸ் 11 இல் வலொரன்ட் ஓடுவதற்கு டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் தேவை. இரண்டும் உங்கள் போர்டின் பயொஸில் உண்டு. விண்டோஸ் போடுவதற்கு முன்பே அவற்றைப் பார்த்து இயக்கிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து வரும்போது கார்டையும் புரொசசரையும் அவற்றின் சொந்தப் பெட்டிகளிலேயே மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கடையில் பொருத்தித் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். கார்ட் செருகிய நிலையில் ஏ6 வீதியில் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் குலுங்கினால் அதன் பாரமே போர்டின் செருகுவாயைப் பெயர்த்துவிடும். சனிக்கிழமை மாலைகளில் நான் பொதுவாக வீட்டில்தான் இருப்பேன். எர்த் வேலை முடிந்த பிறகு எல்லாப் பெட்டிகளையும் திறக்காமல் எடுத்துக்கொண்டு சீனன்குடாவுக்கு வாருங்கள், என் மேசையில் வைத்தே பொருத்தலாம். திருகாணி முடுக்குவது உங்கள் கை, நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.